தையல்காரர் மகனும் ஹிட்லரின் சட்டையும்

திரையில் 1939 ஆகஸ்ட் மாதம், போலந்தின் வார்சா நகரத்துக் கடைவீதி. போர் இன்னும் தொடங்கவில்லை. லுபின்ஸ்கி, குபின்ஸ்கி, லோமின்ஸ்கி என்று கடைப் பெயர்ப்பலகைகளை ஒரு குரல் வாசித்துக்கொண்டே போகிறது. திடீரென்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே திசையில் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அங்கே இறைச்சியும் பாலாடைக்கட்டியும் விற்கும் ஒரு கடை வாசலில், காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாமல், தன்னந்தனியாக நிற்கிறார் அடால்ஃப் ஹிட்லர். இவர் சைவமாயிற்றே, இறைச்சிக் கடையில் என்ன வேலை என்று குரல் யோசிக்கிறது. சைவம்தான், ஆனால் எப்போதும் பத்தியம் காப்பதில்லை, சில சமயம் முழு நாட்டையே விழுங்கிவிடுவார் என்று அதுவே பதிலும் சொல்லிக்கொள்கிறது.

ஹிட்லர் எப்படி அங்கே வந்தார் என்று சொல்லக் கதை கொஞ்சம் பின்னால் போகிறது. கெஸ்டபோ என்னும் ஜெர்மன் ரகசியப் போலீசின் அலுவலகம். ஒரு சிறுவனுக்குப் பொம்மை டாங்கியைக் கொடுத்து அவன் அப்பாவைப் பற்றி உளவு கேட்கிறார் ஓர் அதிகாரி. அப்போது கதவு திறந்து ஹிட்லரே உள்ளே வருகிறார். எல்லோரும் கையை நீட்டி 'ஹெய்ல் ஹிட்லர்', அதாவது ஹிட்லர் வாழ்க என்கிறார்கள். அவரும் கையை உயர்த்தி, 'எனக்கே நான் ஹெய்ல்' என்கிறார். உடனே ஓரத்திலிருந்து ஒருவர் எரிச்சலோடு எழுந்து ஒத்திகையை நிறுத்துகிறார். இது நாடக மேடை. ஹிட்லராக வந்தவர் ப்ரான்ஸ்கி என்ற துணை நடிகர். அந்த வசனம் பிரதியில் இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது.

நாடக இயக்குநர் டோபாஷுக்கு அவர் வேஷமே பிடிக்கவில்லை. எனக்கு இவன் சின்ன மீசை வைத்த ஒரு ஆளாகத்தான் தெரிகிறான் என்கிறார். ஹிட்லரும் அவ்வளவுதானே என்கிறார் ஒப்பனைக்காரர். இல்லை, அதோ சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பாருங்கள், அப்படி இருக்க வேண்டும் என்கிறார் டோபாஷ். அந்தப் படமே என்னை வைத்து எடுத்ததுதான் என்கிறார் ப்ரான்ஸ்கி. ரோஷம் வந்து, வேஷத்தைக் கலைக்காமல் தெருவில் இறங்கி நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்புகிறார். ஊரே உறைந்து நிற்கிறது. கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்து, 'மிஸ்டர் ப்ரான்ஸ்கி, உங்கள் கையெழுத்து கிடைக்குமா?' என்று நோட்டை நீட்டுகிறாள்.

எர்ன்ஸ்ட் லுபிட்ச் இயக்கி 1942இல் வெளியான 'டு பி ஆர் நாட் டு பி' படத்தின் முதல் சில நிமிடங்கள் இவை. படம் முழுவதற்குமான சாவியை இங்கேயே கொடுத்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். சர்வாதிகாரி என்பவன் ஒரு மீசை, ஒரு சட்டை, அதைப் பார்த்துக் கையைத் தூக்க ஒரு கூட்டம். சட்டையைத் தைத்துவிடலாம், மீசையை ஒட்டிவிடலாம். கூட்டம் மட்டும் நம்பினால் போதும்.

இதை ஒரு தையல்காரர் மகன் எடுத்தது பொருத்தம். லுபிட்ச் 1892இல் பெர்லினில் பிறந்த யூதர். அப்பா சைமன், பெண்களுக்கான உடைகள் தைத்து விற்கும் தொழில் வைத்திருந்தார். மகனுக்கோ நாடகப் பித்து. பகலில் அப்பா கடையில் கணக்கு எழுதுவது, இரவில் சின்ன அரங்குகளில் கோமாளி வேஷம் கட்டுவது என்று காலம் ஓடியது. 1911இல் ஜெர்மன் நாடக உலகின் பெரிய பெயரான மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவில் இடம் கிடைத்தது. அங்கேயும் பெரும்பாலும் சின்னச் சின்னப் பாத்திரங்கள்தான். பிறகு ஊமைப்படங்களுக்குப் போனபோது, துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் வேலை செய்யும் குறும்புக்கார யூதப் பையனாக நடித்துப் பேர் வாங்கினார். துணியை உடுத்தினால் மனிதன் என்ன ஆகிறான் என்பதைக் கண்ணாடி முன்னால் நிற்கும் வாடிக்கையாளர்களிடம் பார்த்து வளர்ந்தவர்.

1922 கடைசியில் ஹாலிவுட்டுக்கு வந்தார். அப்புறம் இருபது வருடம், மூடிய கதவுக்கு வெளியே கேமராவை நிறுத்திவிட்டு உள்ளே நடப்பதைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ளும்படி விடும் அவருடைய பாணிக்கு 'லுபிட்ச் டச்' என்று பெயரே வந்துவிட்டது. நாஜிகள் 1935இல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தார்கள். 1940இல் வெளியிட்ட யூத வெறுப்புப் பிரசாரப் படம் ஒன்றில் அவர் முகத்தையும் காட்டினார்கள். அதற்கும் முன்னால் இன்னொன்று. 1939 செப்டம்பர் 3, பிரிட்டன் போர் அறிவித்த அதே நாளில், 'ஏதேனியா' என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் லுபிட்சின் மகள் நிக்கோலா, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை, தாதியோடு இருந்தாள். இருவரும் பிழைத்தார்கள். நாஜிகளை வைத்துச் சிரிப்புப் படம் எடுக்க இவருக்கு மனசு எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்ததா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

படத்தின் பெயர்ப்பட்டியலை நிறுத்தி வாசித்தால், அதுவே ஒரு அகதிகள் பதிவேடு மாதிரி இருக்கும். கதைக் கருவில் லுபிட்சோடு சேர்ந்தவர் ஹங்கேரிய நாடகாசிரியர் மெல்கியோர் லெங்யெல். சோவியத் அதிகாரிப் பெண் ஒருத்தி பாரிஸில் காதலில் விழும் 'நினாட்ச்கா' படத்தின் மூலக் கதையும் அவருடையதே. படத்தை வழங்கிய அலெக்சாண்டர் கோர்டாவும், அரங்கங்களை வடிவமைத்த அவர் தம்பி வின்சென்ட்டும் ஹங்கேரியில் பிறந்தவர்கள். ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாட்டே பிறந்தது போலந்தின் க்ராக்கோவில். இசையமைத்த வெர்னர் ஹேமான், நாஜிகள் வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். இந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை அவருடைய இசைக்குத்தான். திரைக்கதை எழுதிய எட்வின் ஜஸ்டஸ் மேயர் அமெரிக்கர். நடிகர்களில் ஃபீலிக்ஸ் ப்ரெசார்ட் 1933இல் ஜெர்மனியிலிருந்து தப்பியவர். கெஸ்டபோ கர்னலாக வரும் சிக் ரூமன் ஹாம்பர்க்காரர், முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்திலேயே இருந்தவர். ஜெர்மன் அதிகாரி எப்படிக் கத்துவார் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நாயகன் மட்டும் அமெரிக்காவின் அடிமடியிலிருந்து வந்தவர். ஜாக் பென்னி வானொலியில் வாராவாரம் கோடிக்கணக்கானவர்களைச் சிரிக்க வைத்தவர். கஞ்சத்தனமும் தற்பெருமையும் அவர் கட்டிய பாத்திரத்தின் அடையாளம். சினிமாவில் அதுவரை வானொலி அளவுக்கு எடுபடவில்லை. அவரை மனதில் வைத்தே இந்தப் பாத்திரத்தை லுபிட்ச் உருவாக்கினார். நீ ஒன்றும் கோமாளி இல்லை, கோமாளியாக நடிக்கும் நடிகன், இத்தனை வருடமாக ஜனங்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய் என்ற பொருளில் லுபிட்ச் சொன்னதைப் பென்னி பெருமையோடு சொல்லித் திரிந்தார். பென்னியின் இயற்பெயர் பெஞ்சமின் குபெல்ஸ்கி. படத்தின் தொடக்கத்தில் கடைப் பலகையில் வரும் லுபின்ஸ்கி, குபின்ஸ்கி என்ற பெயர்களை இப்போது இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். தற்செயலாகவும் இருக்கலாம், குறும்பாகவும் இருக்கலாம். நான் குறும்பு கட்சி.

கதை சுருக்கமாக இதுதான். வார்சாவில் ஒரு நாடகக் குழு. ராஜபார்ட் ஜோசப் டூரா, அவர் மனைவியும் நாயகியுமான மரியா டூரா. யாருக்குப் பெயர் பெரிய எழுத்தில் போடுவது என்று இருவருக்கும் ஓயாத சண்டை. நாஜிகளைக் கிண்டலடிக்கும் 'கெஸ்டபோ' நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். ஹிட்லர் மனம் புண்படும் என்று போலந்து அரசே அதற்குத் தடை போடுகிறது. மேடையில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நடக்கிறது. 'இருப்பதா, இறப்பதா' என்ற அந்தப் புகழ்பெற்ற தனிமொழியை டூரா தொடங்கியதும், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு இளம் விமானப்படை அதிகாரி எழுந்து போகிறான். அவன் போவது ஒப்பனை அறைக்கு, மரியாவைப் பார்க்க. நீளமான தனிமொழி, அதுவரை கணவர் மேடையைவிட்டு இறங்க முடியாது என்பது கணக்கு. டூராவுக்கோ, பெண்டாட்டி விவகாரம் தெரியாது. தன் நடிப்பு பிடிக்காமல் ஒருவன் எழுந்து போனான் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பிறகு குண்டுகள் விழுகின்றன. அதே லுபின்ஸ்கி, குபின்ஸ்கி பலகைகள் இப்போது இடிபாடுகளில் கிடக்கின்றன. முதல் தடவை வேடிக்கையாகக் கேட்ட பெயர்ப்பட்டியல் இரண்டாம் தடவை இழவு வீட்டுப் பட்டியலாகிவிடுகிறது. அந்த இளம் அதிகாரி சோபின்ஸ்கி லண்டன் போய் பிரிட்டிஷ் விமானப்படையின் போலந்துப் பிரிவில் சேர்கிறான். தேசபக்தர் போல் நடிக்கும் பேராசிரியர் சிலெட்ஸ்கி உண்மையில் ஜெர்மன் உளவாளி. தலைமறைவுப் போராளிகளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களோடு அவர் வார்சா வருகிறார். அவை கெஸ்டபோ கையில் சேர்வதற்குள் தடுக்க வேண்டும். நாடகக் குழுவிடம் துப்பாக்கியோ ஆள்பலமோ கிடையாது. தடை செய்யப்பட்ட நாடகத்துக்குத் தைத்த கெஸ்டபோ உடுப்புகள் மட்டும் பெட்டியில் இருக்கின்றன.

உடுப்பை மாட்டுகிறார்கள். நாடக அரங்கையே கெஸ்டபோ தலைமையகமாக மாற்றி, டூராவைக் கெஸ்டபோவின் கர்னல் ஏர்ஹார்ட் ஆக்கிச் சிலெட்ஸ்கியை அங்கே அழைத்து வருகிறார்கள். இங்கேதான் லுபிட்சின் கைவேலையை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டிய தாள்கள் கைக்கு வந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நேரம் பேச்சை இழுக்க வேண்டும், ஆனால் டூராவிடம் வசனம் தீர்ந்துவிட்டது. லண்டனில் உங்களை 'வதைமுகாம் ஏர்ஹார்ட்' என்று சொல்கிறார்கள் என்று சிலெட்ஸ்கி முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார். டூரா அதைப் பிடித்துக்கொள்கிறார். 'ஓஹோ, அப்போ என்னை வதைமுகாம் ஏர்ஹார்ட் என்றா சொல்கிறார்கள்!' சிரிக்கிறார். சற்று மௌனம். மறுபடியும், 'அப்போ என்னை வதைமுகாம் ஏர்ஹார்ட் என்றா சொல்கிறார்கள்!' பிரதி இல்லாமல் தவிக்கும் மோசமான நடிகர் ஒருவர், ஒரே வரியைப் பிடித்துத் தொங்குகிறார். நாம் சிரிக்கிறோம். நிஜ கெஸ்டபோ அதிகாரி இப்படியா உளறுவார் என்பது அந்தச் சிரிப்புக்குள் இருக்கிற எண்ணம்.

அப்புறம் நிலைமை தலைகீழாகிறது. இப்போது டூரா தாடி ஒட்டிக்கொண்டு சிலெட்ஸ்கி வேஷத்தில் நிஜ ஏர்ஹார்ட்டைச் சந்திக்கிறார். லண்டனில் உங்களுக்கு என்ன பட்டப்பெயர் தெரியுமா என்கிறார். நிஜ ஏர்ஹார்ட் சிரித்துக் குலுங்கி, 'அப்போ என்னை வதைமுகாம் ஏர்ஹார்ட் என்றா சொல்கிறார்கள்!' என்கிறார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று நினைத்தேன் என்கிறார் டூரா, முகத்தில் ஒரு கலைஞனின் திருப்தியோடு. கற்பனை வறண்டு அவர் உளறியதுதான் அச்சு அசலான கெஸ்டபோ. நிஜ அதிகாரியும் ஒரு மோசமான நடிகர்தான், பயமுறுத்தும் பாத்திரம் ஒன்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர். நாஜிகளைக் கிண்டல் செய்யும் படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. கேலிச்சித்திரம் முதலில் வந்து, நிஜம் அதைப் பார்த்து நகல் எடுப்பதுபோல் காட்டிய இந்தக் கட்டுமானத்துக்கு ஈடாக நான் ஒன்றையும் பார்த்ததில்லை.

இந்த ஏர்ஹார்ட் சாதாரண அலுவலகங்களில் நாம் பார்க்கும் ஆள். எது தப்பாகப் போனாலும் 'ஷுல்ட்ஸ்!' என்று உதவியாளரைக் கூப்பிட்டுப் பழியைப் போடுவார். ஆட்களைச் சுட்டுக் கொல்லச் சொல்வதும், கோப்பில் கையெழுத்துப் போடுவதும் அவருக்கு ஒன்றே. கடைசியில் அவர் தலைக்கே ஆபத்து வந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. சரி, முடிந்தது கதை என்று நினைக்கிறோம். ஒரு கணம் கழித்து உள்ளேயிருந்து குரல் வருகிறது: 'ஷுல்ட்ஸ்!' தன்னைத் தானே சுட்டுக்கொண்டதற்கும் உதவியாளன்தான் காரணம். லுபிட்சின் மூடிய கதவுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

தாடிக் காட்சியைச் சொல்லாமல் போக முடியாது. நிஜ சிலெட்ஸ்கி செத்துவிட்டார், உடல் ஜெர்மானியர் கையில் சிக்கிவிட்டது. அதை ஒரு அறையில் வைத்து, பொய் சிலெட்ஸ்கியான டூராவை அதே அறைக்குள் தனியாக விடுகிறார் ஏர்ஹார்ட். வெளியே எல்லோரும் காத்திருக்கிறார்கள். எதிரே பிணம், அதன் முகத்தில் நிஜத் தாடி. தன் முகத்திலோ ஒட்டுத்தாடி. டூராவின் சட்டைப்பையில் உபரியாக இன்னொரு ஒட்டுத்தாடி இருக்கிறது. சவரக்கத்தி கண்ணில் படுகிறது. பிணத்துக்குச் சவரம் செய்து, அதன் முகத்தில் பொய்த் தாடியை ஒட்டிவிட்டு, வெளியே வந்து ஏர்ஹார்ட்டையே இழுத்துப் பார்க்கச் சொல்கிறார். தாடி கையோடு வருகிறது. நிஜம் பொய்யாகிவிட்டது, பொய் நிஜமாகிவிட்டது. டூரா ஜெயித்தே விட்டார். அந்த நேரம் பார்த்து, அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நாடகக் குழுவினர் கெஸ்டபோ உடுப்பில் தடதடவென்று நுழைகிறார்கள். இவன் போலி என்று கத்தி டூராவின் தாடியைப் பிய்த்து இழுத்துப் போகிறார்கள். மேடையில் மிகையாக நடிப்பவன் வாழ்க்கையிலும் மிகையாகத்தான் நடிப்பான்.

இத்தனை கூத்துக்கும் நடுவே ஒரு குரல் வேறு சுருதியில் ஒலிக்கிறது. க்ரீன்பெர்க் என்ற துணை நடிகர், ப்ரெசார்ட் ஏற்ற பாத்திரம். ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கும் சேவகன் வேஷம்தான் அவருக்கு எப்போதும். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் யூதனான ஷைலக்காக ஒரு தடவையாவது நடித்துவிட வேண்டும் என்பது வாழ்நாள் கனவு. எங்களுக்குக் கண் இல்லையா, கை இல்லையா, குத்தினால் ரத்தம் வராதா, நஞ்சிட்டால் சாகமாட்டோமா என்று போகும் அந்தப் பேச்சைப் படத்தில் மூன்று தடவை பேசுகிறார். முதலில் மேடைக்குப் பின்னால், ஈட்டியும் கையுமாக நண்பர் ப்ரான்ஸ்கியிடம். அங்கே அது ஒரு துணை நடிகரின் ஏக்கம். இரண்டாம் முறை, இடிந்த வார்சாவில் பனி கொட்டும் தெருவில், கையில் மண்வாரியோடு. வார்த்தைகள் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. மூன்றாவது முறை, நிஜ ஹிட்லர் நாடகம் பார்க்க வந்திருக்கும் அரங்கின் கூடத்தில், ஜெர்மன் காவலர்கள் சூழ்ந்து நிற்க, பொய் ஹிட்லரான ப்ரான்ஸ்கியின் முகத்துக்கு நேரே. உயிரைப் பணயம் வைத்த தந்திரம் அது, அவர் ஆசைப்பட்ட பெரிய வேஷமும் அதுவே.

ஷேக்ஸ்பியரின் மூல வரியில் 'யூதன்' என்ற சொல் இருக்கிறது. க்ரீன்பெர்க் பேசும்போது அந்த இடத்தில் 'நாங்கள்' என்றுதான் வருகிறது. படம் முழுக்க அந்தச் சொல் ஒரு தடவைகூட உச்சரிக்கப்படவில்லை. 1939 வரை ஹாலிவுட் பட முதலாளிகள் ஜெர்மன் சந்தையை இழக்கப் பயந்து நாஜிகளைத் தொடவே தயங்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஜெர்மன் தூதரக அதிகாரி மிரட்டல் கடிதம் எழுதும் அளவுக்கு நிலைமை இருந்தது. 1941 செப்டம்பரிலும், போரில் இறங்கச் சொல்லிப் பிரசாரம் செய்கிறீர்களா என்று அமெரிக்க செனட் குழு ஒன்று பட முதலாளிகளை அழைத்து விசாரித்தது. ஹிட்லர் மனம் புண்படும் என்று 'கெஸ்டபோ' நாடகத்துக்குத் தடை வரும் காட்சி யாரைக் குத்துகிறது என்பது அன்றைய ஹாலிவுட்காரர்களுக்குப் புரிந்திருக்கும். க்ரீன்பெர்க் யார் என்பதை லுபிட்ச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார். மிகையாக நடிக்கும் ஒரு சக நடிகரைப் பார்த்து, 'நீ எதுவோ அதை நான் சாப்பிடுவதில்லை' என்கிறார் க்ரீன்பெர்க். மிகை நடிகனுக்கும் பன்றித்தொடை இறைச்சிக்கும் ஆங்கிலத்தில் 'ஹாம்' என்ற ஒரே சொல். பன்றி யூதர்களுக்கு விலக்கு. புரிந்தவர்களுக்குப் புரியும்.

மரியாவாக நடித்த கரோல் லம்பார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைய நகைச்சுவை நாயகிகளில் முதல் வரிசை. கணவர் நட்சத்திர நடிகர் கிளார்க் கேபிள். இந்தப் படத்தில் அவருக்கு ஒரு அற்புதமான காட்சி: வதைமுகாம் காட்சிக்கு மினுமினுக்கும் பட்டு கவுனில் வந்து நிற்கிறார். இருட்டில் சவுக்கடி, அலறல், விளக்கு எரிகிறது, இந்த உடையில் நான் தரையில் கிடக்கிறேன், எப்படி இருக்கும் என்கிறார். இயக்குநர் தலையில் அடித்துக்கொள்கிறார். க்ரீன்பெர்க் மட்டும், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்கிறார். சிரிப்பு என்றால் அதை அற்பமாக நினைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. லுபிட்சின் கட்சியும் அதுதான்.

படப்பிடிப்பு நடந்தது 1941 நவம்பர், டிசம்பரில். நடுவில் டிசம்பர் 7, அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானின் தாக்குதல். வேலை ஆரம்பித்தபோது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாடு, முடித்தபோது போரில் இருந்தது. 1942 ஜனவரியில் லம்பார்ட், போர்ச் செலவுக்காக அரசு வெளியிட்ட கடன் பத்திரங்களை விற்றுத்தர இண்டியானாவுக்குப் போனார். ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றுக் கொடுத்தார். திரும்பும் வழியில், ஜனவரி 16 அன்று, லாஸ் வேகஸ் அருகே மலையில் விமானம் மோதியது. அவரும் அவர் அம்மாவும் உட்பட 22 பேரும் இறந்தார்கள். அதில் 15 பேர் ராணுவ விமானப் படையினர். லம்பார்டுக்கு வயது 33. விமானத்தில் போனால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற மாதிரி மரியா கேட்கும் ஒரு வசனத்தை அவசரமாக வெட்டி எடுத்தார்கள்.

ஆக, மார்ச் தொடக்கத்தில் நியூயார்க்கில் படம் திரைக்கு வந்தபோது, பார்க்க வந்தவர்களின் மனநிலையை யோசித்துப் பாருங்கள். நாயகி செத்துப்போயிருக்கிறார். பசிபிக்கில் தோல்வி மேல் தோல்வி. இந்த நேரத்தில் திரையில் கெஸ்டபோ காமெடி. 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி க்ரௌதர் ஈவிரக்கமற்ற படம் என்று சாடினார். எல்லோரையும் அதிகம் குத்தியது ஒரே ஒரு வசனம். வேஷத்தில் இருக்கும் டூரா, தற்பெருமை தாங்காமல், ஜோசப் டூரா என்ற மகா நடிகரைப் பார்த்திருக்கிறீர்களா என்று ஏர்ஹார்ட்டிடமே கேட்கிறார். ஓ, போருக்கு முன்பு ஒரு தடவை பார்த்தேன், அவன் ஷேக்ஸ்பியரை என்ன செய்தானோ அதைத்தான் நாங்கள் இப்போது போலந்துக்குச் செய்கிறோம் என்கிறார் கர்னல். முன்னோட்டக் காட்சியில் அதுவரை சிரித்த அரங்கு இந்த இடத்தில் உறைந்தது. நண்பர்கள் எடுத்துவிடச் சொல்லி மன்றாடினார்கள். லுபிட்ச் மசியவில்லை.

அவர் பத்திரிகையிலேயே எழுதிப் பதிலும் சொன்னார். அதன் சாரத்தைச் சொல்கிறேன். நான் போலந்து மக்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நடிகர்களையும் நாஜிகளையும் பார்த்துத்தான் சிரித்தேன். நடுவில் கொஞ்சம் காமெடி தூவிய சோகப்படம், நடுவில் கொஞ்சம் சோகம் தூவிய காமெடிப்படம் என்ற இரண்டு பழைய சமையல் குறிப்புகளும் எனக்கு அலுத்துவிட்டன. என் படத்து நாஜிகள் சவுக்கைச் சுழற்றிக் காட்டுவதில்லை. அவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். அடிப்பதும் கொல்வதும் அவர்களுக்குத் தினசரி வேலை. ஒரு கடைக்காரன் கைப்பை விற்றதைப் பற்றிப் பேசுவது மாதிரி அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கைப்பை என்ற உவமையைக் கவனியுங்கள், பெர்லின் கடையில் கணக்கு எழுதியவரின் உவமை. அந்த ஒற்றை வசனத்தைப் பொறுத்தவரை நான் லுபிட்ச் பக்கம்தான். அது ஏர்ஹார்ட்டின் ஜோக். ஒரு நாட்டை அழித்ததை மோசமான நாடக விமர்சனம் போல் பேச ஒருவனால் முடிகிறது என்பதுதான் அங்கே காட்டப்படுவது. அரங்கு உறைந்தது என்றால் வசனம் வேலை செய்தது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. 'வதைமுகாம்' என்ற சொல்லை வைத்து இத்தனை சிரிப்பா? 1941இல் அந்தச் சொல்லுக்கு உலகம் கொண்டிருந்த பொருள் இன்றைய பொருள் இல்லை. டாக்காவ் முகாம் 1933இலிருந்தே இருந்தது, அங்கே அடைப்பதும் அடிப்பதும் கொல்வதும் வெளியே தெரியும். ஆனால் யூதர்களை முற்றாக அழிக்கும் திட்டத்தை அதிகாரிகள் உட்கார்ந்து ஒருங்கிணைத்த வான்சே கூட்டம் நடந்தது 1942 ஜனவரி 20, லம்பார்ட் இறந்து நான்கு நாள் கழித்து. ஹிட்லரைக் கேலி செய்து 1940இலேயே 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்த சாப்ளின், முகாம்களின் உண்மைக் கொடூரம் தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதினார். சாப்ளின் படம் கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு நேரே நம்மைப் பார்த்து ஒரு நீண்ட உரை நிகழ்த்துகிறது. லுபிட்ச் உரையை ஷைலக்கிடமிருந்து கடன் வாங்கி, ஈட்டி பிடிக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். காலம் போகப் போக இரண்டாவது வழிதான் அதிகம் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். சாப்ளின் ரசிகர்கள் மன்னிக்கவும்.

ஹாலிவுட் தளத்தில் இந்தக் கூத்து படமாவதற்கு எட்டு மாதம் முன்பு நிஜ வார்சாவில் நடந்தது ஒன்று. இகோ சிம் என்ற திரை நடிகர், ஒரு காலத்தில் புகழ்பெற்ற நடிகை மார்லீன் டீட்ரிச்சோடு நடித்தவர், ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியர் பக்கம் சேர்ந்து வார்சாவில் அவர்களுடைய நாடக அரங்கை நடத்தினார். போலந்துக்காரர்களை இழிவுபடுத்தும் ஒரு பிரசாரப் படத்துக்கு நடிகர்கள் சேர்த்துக் கொடுத்தார். 1941 மார்ச் 7 அன்று தலைமறைவு இயக்கம் அவரை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றது. பதிலடியாக ஜெர்மானியர் 21 பேரை வார்சா அருகே பால்மிரி காட்டில் கொன்றார்கள். புகழ்பெற்ற நடிகர் ஸ்டெஃபான் யாராச், இயக்குநர் லியோன் ஷில்லர் ஆகியோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். கொலையில் சம்பந்தமே இல்லாத டாமியென்ஸ்கி என்ற நடிகரையும் அவர் மனைவியான நடிகையையும் தேடிச் சுவரொட்டி ஒட்டினார்கள். அந்தத் தம்பதி போர் முடியும்வரை பொய்ப் பெயரில் மறைந்து வாழ்ந்தார்கள். ஜோசப்பும் மரியாவும் சில மணி நேரத்துக்குக் கட்டிய வேஷத்தை இவர்கள் வருடக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது.

லுபிட்ச் 1947 நவம்பரில் மாரடைப்பில் இறந்தார், வயது 55. அடக்கத்தில், இனி லுபிட்ச் இல்லை என்று இயக்குநர் பில்லி வைல்டர் சொல்ல, அதைவிட மோசம், இனி லுபிட்ச் படங்கள் இல்லை என்றாராம் இன்னொரு இயக்குநரான வில்லியம் வைலர். வைல்டர் தன் அலுவலகச் சுவரில், லுபிட்ச் இதை எப்படிச் செய்திருப்பார் என்ற கேள்வியை எழுதி மாட்டிவைத்திருந்தார். 1983இல் நகைச்சுவை நடிகர் மெல் ப்ரூக்ஸ் நடித்து ஒரு மறுஆக்கம் வந்தது. 1996இல் மூலப்படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

படத்தின் முடிவில் நடிகர்கள் ஹிட்லரின் விமானத்திலேயே தப்பிக்கிறார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஜெர்மன் விமானிகளை என்ன செய்வது? ப்ரான்ஸ்கி மீசையோடு வந்து, கதவைத் திறந்து, 'குதி' என்கிறார். 'ஹெய்ல் ஹிட்லர்' என்று சொல்லிவிட்டு இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்கிறார்கள், பாராசூட் இல்லாமல். பிறகு ப்ரான்ஸ்கியே பாராசூட்டில் ஸ்காட்லாந்தில் ஒரு வைக்கோல் போரில் வந்து விழுகிறார், இன்னும் ஹிட்லர் வேஷத்தில். அங்கே நிற்கும் இரண்டு குடியானவர்களில் ஒருவர் அலட்டிக்கொள்ளாமல், முதலில் ஹெஸ் வந்தான், இப்போது இவனா என்கிறார். ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் 1941 மே மாதம் தனியாக விமானம் ஓட்டி வந்து ஸ்காட்லாந்தில் குதித்தது அப்போது எல்லோருக்கும் நினைவில் இருந்த சங்கதி.

ஜாக் பென்னியின் அப்பா மேயர் குபெல்ஸ்கியும் துணிக்காரர்தான். ரஷ்யப் பேரரசின் போலந்துப் பகுதியிலிருந்து வந்து, சிகாகோவுக்கு வடக்கே வாக்கீகன் ஊரில் ஆண்களுக்கான உடைக் கடை வைத்திருந்தவர், ஆசாரமான யூதர். மகன் படம் என்று ஆசையாகப் பார்க்கப் போனார். படம் தொடங்கிச் சில நிமிடத்தில் மகன் நாஜி உடுப்பில் வந்து கையைத் தூக்கி 'ஹெய்ல் ஹிட்லர்' என்றதும், எழுந்து வெளியே போய்விட்டார். அது ஒத்திகை, அந்தச் சட்டை நாடகச் சட்டை என்று திரையில் தெரியவரும் வரைக்கும் அவர் இருக்கவில்லை. மகனோடு பேசவே மாட்டேன் என்று அடம்பிடித்தவரிடம் பென்னி தொலைபேசியில் கதை முழுவதையும் விளக்கி, மறுபடியும் போய்ப் பார்க்க வைத்தார். பென்னி சொன்ன கணக்குப்படி, அப்பா அந்தப் படத்தை 46 தடவை பார்த்தாராம்.